எஃகா, டைட்டானியமா? விலையுயர்ந்த கைக்கடிகாரம் வாங்குமுன் ஒரு கணக்கு

நமது திருப்பதி மாவட்டத்திலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் ஏவப்படும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் நிலையில், எரிபொருள் தொட்டி டைட்டானியக் கலப்புலோகத்தால் ஆனது. ஏவுகலத்தின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் விலையுண்டு. எடை குறைந்தும் வலிமை குன்றாத உலோகம் அங்கே இன்றியமையாதது. அதே உலோகம் இன்று செல்வந்தர்களின் மணிக்கட்டிலும் இடம்பெற்றுவிட்டது. கடலில் மூழ்குவோருக்கென உருவான 'டைவ் வாட்ச்' எனப்படும் முக்குளிப்புக் கடிகாரங்களை இப்போது எஃகிலும் வாங்கலாம், டைட்டானியத்திலும் வாங்கலாம். சித்தூர், திருப்பதிப் பகுதி வாடிக்கையாளர்கள் சிலர், "கூடுதல் விலை கொடுத்து டைட்டானியம் வாங்குவது தகுமா?" என்று எம்மிடம் கேட்பதுண்டு. பல இலட்சம் ரூபாய் சார்ந்த இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு உலோகங்கள்

நமது சமையலறையில் 'எவர்சில்வர்' என்று வழங்கும் துருப்பிடிக்காத எஃகின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் கடிகார எஃகும். பெரும்பாலான நல்ல கடிகாரங்களில் பயன்படுவது 316எல் என்னும் வகை. அதில் குரோமியம், நிக்கல் ஆகியவற்றுடன் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினமும் கலந்திருப்பதால், கடல்நீரின் உப்பை ஓரளவு நன்றாகவே தாங்கும். ரோலக்ஸ் போன்ற நிறுவனம் கையாளும் 904எல் வகையில் இக்கலப்புகளின் அளவு இன்னும் அதிகம்.

டைட்டானியத்திலும் இரு வகைகள் உண்டு. இரண்டாம் தரம் என்பது ஏறத்தாழத் தூய டைட்டானியம். ஐந்தாம் தரம் என்பது 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேர்ந்த கலப்புலோகம். இது முன்னதைவிட மிகவும் கடினமானது. விற்பனையாளர் 'டைட்டானியம்' என்று மட்டும் சொன்னால், எத்தரம் என்று கேட்டறிந்த பின்னரே விலை பேசுதல் நன்று.

டைட்டானியக் கடிகாரம் புதுமையன்று. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனம் 1970ஆம் ஆண்டிலேயே அத்தகைய கடிகாரத்தை வெளியிட்டது. 1975இல் சீகோ நிறுவனம் 600 மீட்டர் ஆழத்துக்கான டைட்டானிய முக்குளிப்புக் கடிகாரத்தை அறிமுகம் செய்தது.

ஆழத்தைத் தீர்மானிப்பது எது?

"டைட்டானியம் என்றால் அதிக ஆழம் தாங்கும்" என்னும் எண்ணம் பலரிடமும் உண்டு. அதைச் சற்றே சீர்தூக்கிப் பார்ப்போம். 2012ஆம் ஆண்டு திரைப்பட இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் மரியானா அகழியின் அடியைத் தொட்டபோது, அவரது கலத்தின் வெளிப்புறத்தில் பொருத்தப்பட்டிருந்த ரோலக்ஸ் சோதனைக் கடிகாரம் எஃகால் ஆனது. 2022இல் அதே மரபில் ரோலக்ஸ் விற்பனைக்கு வெளியிட்ட கடிகாரம் ஐந்தாம் தர டைட்டானியத்தால் ஆனது; 11,000 மீட்டர் ஆழம் தாங்குவது. பத்தாண்டு இடைவெளியில் கிட்டிய முக்கியப் பயன், ஏறத்தாழ 30 சதவீத எடைக் குறைவே. உலகின் அடிமட்ட ஆழத்தைக்கூட எஃகு தாங்கியே இருந்தது.

சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் 'மத்ஸ்யா 6000' திட்டம் மறுபக்கத்தைக் காட்டுகிறது. மனிதர் அமரும் கோளத்தை முதலில் எஃகில் அமைத்து, 2021ஆம் ஆண்டு வங்கக்கடலில் 600 மீட்டர் வரை இறக்கிச் சோதித்தார்கள். 6,000 மீட்டர் ஆழத்துக்கோ 80 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைட்டானியக் கலப்புலோகக் கோளத்தைத் தேர்ந்தார்கள். மூவரைச் சுமந்து இறங்கிய கலம் மீண்டும் மேலே மிதந்து வரவேண்டும் என்பதால், அங்கே வலிமைக்கும் எடைக்கும் உள்ள விகிதமே உயிர்நாடி. மணிக்கட்டில் அணியும் கடிகாரத்துக்கு அத்தகைய நெருக்கடி இல்லை. முக்குளிப்புக் கடிகாரங்களுக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 6425 குறைந்தது 100 மீட்டர் ஆழத்தை எதிர்பார்க்கிறது. பொழுதுபோக்காக மூழ்குவோர் பெரும்பாலும் 40 மீட்டருக்கு மேல் இறங்குவதில்லை. அந்த அழுத்தத்துக்கு இரு உலோகங்களும் தேவைக்கு மிஞ்சியவையே.

நீர் உட்புகாமல் காப்பது உண்மையில் உலோகமன்று. மூடியிலும் திருகிலும் உள்ள ரப்பர் வளையங்கள். அவை காலப்போக்கில் தளர்ந்துவிடும். நீந்தும் பழக்கமுடையோர் ஆண்டுக்கொரு முறை அழுத்தச் சோதனை செய்துகொள்வது, உலோகத்தை மாற்றுவதைவிடப் பெரிய பாதுகாப்பாகும்.

டைட்டானியத்தின் சிறப்பு

ஒரு கன சென்டிமீட்டர் எஃகு ஏறத்தாழ 8 கிராம், டைட்டானியம் 4.5 கிராம். எனவே, அதே அளவில் அமைந்த 100 கிராம் எஃகுக் கூடு, டைட்டானியத்தில் 56 கிராம்தான் இருக்கும். அலிபிரிப் பாதையில் படியேறுவோருக்கும், சித்திரை வெயிலில் நாளெல்லாம் வெளிவேலை பார்ப்போருக்கும் இந்த வேறுபாடு நன்கு புலப்படும். வியர்வை மிகும் நமது கோடையில் நிக்கல் ஒவ்வாமையால் தோல் தடிப்பவர்களுக்கு, நிக்கல் கலவாத டைட்டானியம் உண்மையான நிவாரணம். கடல்நீராலும் அது அரிக்கப்படுவதில்லை. எஃகை அணிந்து கடலில் இறங்குவோர், கரையேறியதும் நன்னீரில் கழுவுவது அவசியம்.

எஃகின் சிறப்பு

விலை குறைவு என்பது முதற்காரணம். டைட்டானியத் தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரிப்பது கடினம், கடைவதும் கடினம். வெட்டும்போது எழும் வெப்பம் உலோகத்தில் பரவாமல் கருவியின் முனையிலேயே தங்கி, அதை விரைவில் தேய்த்துவிடும். அச்செலவே விலையில் சேர்கிறது.

அடுத்தது பராமரிப்பு. எஃகில் கீறல் விழுந்தால் மெருகேற்றிப் புதிதாக்கலாம். இரண்டாம் தர டைட்டானியத்தில் கீறல் எளிதில் விழும். அதை மெருகேற்றுவதற்குத் தனித்திறமை வேண்டும். இதைச் சமாளிக்கவே சில நிறுவனங்கள் மேற்பரப்பைக் கடினமாக்கித் தருகின்றன. கீறலின் மதிப்பை நம் ஊரிலேயே காணலாம். உண்டியலில் காணிக்கையாக வரும் கைக்கடிகாரங்களைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் ஏலமிடும்போது, புதியவை, பயன்படுத்தியவை, பகுதி சேதமடைந்தவை என்று பிரித்தே விற்கிறது. மறுவிற்பனைச் சந்தையின் விதியும் அதுவே.

பணத்தின் கணக்கு

இனி, வங்கியாளர் என்ற முறையில் நாம் சொல்ல வேண்டியது. 6 இலட்சம் ரூபாய்க் கடிகாரத்தை, ஆண்டுக்கு 14 சதவீத வட்டியில் 36 மாதத் தனிநபர் கடனாக வாங்குவதாகக் கொள்வோம். மாதத் தவணை சுமார் 20,500 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 1,38,000 ரூபாய். இரு உலோகங்களுக்கும் இடையிலுள்ள விலை வேறுபாட்டை ஒப்பிடுவோர், இந்த வட்டியையும் அதே தாளில் எழுதிப் பார்த்தல் வேண்டும். சேமித்து வாங்கினால், அதே வட்டித் தொகை நமது தொடர்வைப்புக் கணக்கிலேயே நிற்கும்.

சட்டம் சார்ந்த சில செய்திகளும் உண்டு. விற்பனையாளர் 2 இலட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக்கூடாது. அத்தொகைக்கு மேற்பட்ட கொள்முதலுக்கு பான் எண் தரவேண்டும். 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்கு, 2025 ஏப்ரல் 22 முதல் விற்பனையாளர் 1 சதவீத வரியை முன்கூட்டி வசூலிக்கிறார். இதை வருமானவரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். அசல் ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரமாக வைத்திருங்கள். காப்பீடு கோரவும் மறுவிற்பனைக்கும் அவையே ஆதாரம்.

'முதலீடாக வாங்குகிறோம்' என்போருக்கு ஒரு சொல். ஒருசில மாதிரிகளுக்கே சந்தையில் விலை கூடுகிறது. வாங்கிய மறுநாளே விலை குறைபவையே அதிகம். எனவே, மனமகிழ்ச்சிக்காக வாங்குங்கள்; ஓய்வூதியத்துக்கு நம்பிக்கையாகக் கொள்ளாதீர்கள்.

சுருங்கச் சொன்னால், தோல் ஒவ்வாமை உடையவர்களும், கனமான கடிகாரத்தால் கை வலிப்பவர்களும், அடிக்கடி கடலில் இறங்குபவர்களும் டைட்டானியத்துக்குக் கூடுதல் விலை தருவது பொருளுடையது. விழாக்களுக்கும் அலுவலகத்துக்கும் அணிந்து, பின்னர் பிள்ளைகளுக்குத் தர நினைப்பவர்களுக்கு எஃகே போதும். கடைக்குச் செல்லும்போது இரண்டையும் பத்து நிமிடம் கையில் கட்டிப் பாருங்கள். எடை வேறுபாடு உங்களுக்குப் பொருட்டாகத் தோன்றவில்லையெனில், அதற்கான பணத்தைத் தரவேண்டிய தேவையும் இல்லை.