கோரிமேட்டைத் தாண்டி

அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் விடியலில் கிளம்புவோம். மார்கழிப் பனியில் வானூர்ப் பக்கத்து முந்திரித் தோப்புகள் நனைந்து நிற்கும். ஈரச் செம்மண்ணில் சைக்கிள் டயரின் கோடு விழுந்துகொண்டே வரும். நான்கு பேருக்கு இரண்டு சைக்கிள். ஒருவன் மிதிப்பான், பின்னால் இருப்பவன் புளிச்சோற்றுத் தூக்கையும் அவித்த மல்லாட்டைப் பையையும் மடியில் இறுக்கிக்கொள்வான். திருச்சிற்றம்பலம் கூட்ரோடு, மொரட்டாண்டி, பட்டானூர், அதன்பின் கோரிமேடு. அங்கே போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பியைக் கண்டதும் வேறு நாட்டுக்குள் நுழைந்துவிட்ட பூரிப்பு எங்களுக்கு. அது 1990களின் தொடக்கம். பாண்டிதான் எங்கள் ஐரோப்பா.

அந்த நால்வரில் ஒருவனுடைய மகள் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். தோழிகள் மூவரோடு ஜனவரியில் பாரிஸ் போகப்போகிறாள். புத்தாண்டுக் கூட்டம் ஓய்ந்த பிறகு போனால் விமானச் சீட்டும் அறை வாடகையும் குறையும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், தங்குமிடச் சான்று. அவள் விரித்து வைத்த காகிதங்களைப் பார்த்தபடி, "நாங்க போனப்ப ஆளுக்குப் பத்து ரூபா" என்றான் அவள் அப்பா. அந்தப் பத்து ரூபாயின் கதையை அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் தாத்தாக்கள் காலத்தில் பாண்டி நிஜமாகவே வேறு நாடு. வானூர் ஆங்கிலேயரின் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. சில மைல் தள்ளிப் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. ஆங்கிலேயரின் கைக்கு எட்டாமல் இருக்கத்தான் 1908-இல் பாரதியும் 1910-இல் அரவிந்தரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு முடிய 1962 ஆகஸ்ட் 16 வரை ஆனது. சந்தைக்குப் போகையில் எல்லையில் மூட்டையை இறக்கிச் சுங்கக்காரருக்குக் காட்டியதை என் தாத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நாங்கள் போனபோது எல்லை அழிந்து முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் பெரிய வாய்க்காலைக் கடந்து கிழக்கே திரும்பினால் ஊரின் ஓசை சட்டென்று மாறும். 1693 முதல் 1699 வரை இந்த ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள் வகுத்த நேர்கோட்டு வீதிகள், ஒரு முனையில் நின்றால் மறுமுனையில் கடல் தெரியும். மஞ்சளும் வெள்ளையுமாய் உயர்ந்த மதில்கள், மேலே காகிதப்பூக் கொடி, எப்போதும் மூடியே கிடக்கும் பெரிய கதவுகள். அந்தக் கதவுகளில் ஒன்றுகூட எங்களுக்குத் திறந்ததில்லை. திறக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. தெரு எங்களுடையதாக இருந்தது, அதுவே போதுமாக இருந்தது.

ரொட்டிக்கடையில் நீளமான பிரெஞ்சு ரொட்டி ஒன்று வாங்கி நாலாகப் பிய்த்துக்கொள்வோம். பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்துக்குப் பக்கத்தில் தூக்கைத் திறப்போம். தன் மாளிகையை இடித்துவிட்டு ஊருக்குக் குளம் வெட்டிய ஆயி என்ற பெண்ணின் கதையை எங்களுக்குச் சொன்னவர் பூங்காவில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர். ஊர் வழக்கில் 'சொல்தா'. தமிழ்ப் பேச்சுக்கு நடுவே பிரெஞ்சுச் சொல் தானாக வந்து விழும். சம்பா கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் பார்ப்போம். பிறகு கடற்கரை. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. எங்கள் மாவட்டத்துக் கல் அங்கே ஓங்கி நிற்பதைத் தொட்டுப் பார்க்காமல் ஒருமுறைகூட நாங்கள் திரும்பியதில்லை. இருட்டும்வரை அலைக்கல்லில் உட்கார்ந்து மல்லாட்டை உரிப்போம். பின்பு டைனமோ வெளிச்சத்தில் ஊருக்கு.

இன்று அந்தக் கதவுகள் திறந்திருக்கின்றன. பல வீடுகள் விடுதிகளாகவும் காபிக்கடைகளாகவும் ஆகிவிட்டன. நாங்கள் வெளியே நின்று ஊகித்த முற்றங்களையும் தூண் தாழ்வாரங்களையும் இன்று உள்ளே போய்ப் பார்க்கலாம். ஆனால் ஒரு காபிக்குக் கேட்கும் காசில் அன்று நால்வரும் பலமுறை போய்வந்திருப்போம். டிசம்பர் வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் கார்கள் வீதிகளை அடைத்துக்கொள்கின்றன. மதிலோரம் படம் எடுக்க ஆள் மாற்றி ஆள் நிற்கிறார்கள். பிரெஞ்சு கலந்த தமிழ் பேசிய கிழவர்கள் ஏறக்குறைய மறைந்துவிட்டார்கள்.

மாறியதெல்லாம் இழப்பும் இல்லை. 2014 நவம்பர் மழையில் 'மேரி' எனப்படும் பழைய நகராட்சிக் கட்டடம் இடிந்து விழுந்த செய்தி கேட்டு, சொந்த வீட்டுச் சுவர் சரிந்தது போல் எனக்கு இருந்தது. அதே சாயலில் திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளுக்கு வழியில்லை; நடக்கிறவர்களுக்கு மட்டுமே. 1980களின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டிய பிறகு மணல் அரித்துப்போய், நாங்கள் வெறும் கருங்கல்லாகக் கண்ட கடற்கரையில், தலைமைச் செயலகத்தின் எதிரே 2018-இல் கடலடியில் எஃகுத் தடுப்பு வைத்தார்கள். மணல் மெல்லத் திரும்பியது. என் மகன் வயதுப் பிள்ளைகள் கால் நனைக்கும் இடத்தில் அன்று நாங்கள் வழுக்குக் கல்லில்தான் நின்றோம்.

அந்த மணலின் கதை எங்கள் பக்கம் வேறாக முடிந்திருப்பதுதான் எனக்கு ஆறாத வேதனை. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். துறைமுகத்தின் கல்தடுப்பு அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கரை பசித்தது. நகரத்தைக் காக்கக் கல் கொட்டியதும் அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது. வானூர் வட்டத்துக் கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் படகு ஏற்ற இடமில்லாமல் தவித்தார்கள், வீடுகளை இழந்தார்கள். சுற்றுலா வருகிறவர் பார்க்கும் கடற்கரைக்குக் கிடைத்த கவனம், வலை உலர்த்தும் கடற்கரைக்கும் கிடைக்க வேண்டும்.

இன்னொரு மாற்றத்தை நாங்கள் அன்று நினைத்தும் பார்க்கவில்லை. ஐரோப்பாவைப் பார்க்க நாங்கள் தெற்கே போனோம். ஐரோப்பாவோ எங்கள் வட்டத்துக்கே வந்திருந்தது. 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டு ஆரோவில்லைத் தொடங்கிய இடம், வானூர் வட்டத்துச் செம்மண் மேடு. மழைநீர் அரித்து ஓடைகளாய்ப் பிளந்து கிடந்த அந்த மேட்டில் இன்று காடு நிற்கிறது. குளிர்காலம் வந்தால் இடையஞ்சாவடியிலும் குயிலாப்பாளையத்திலும் பல நாட்டுப் பேச்சுகள் காதில் விழும். எங்கள் ஊர்ப் பெண்கள் விருந்தினர் விடுதிகளில் வேலைக்குப் போகிறார்கள், பையன்கள் ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறார்கள், சிலர் சொந்தமாக அறைகள் கட்டியிருக்கிறார்கள். மதிலுக்கு வெளியே நின்று பார்த்தவர்களின் பிள்ளைகள் வந்தவர்களுக்குச் சோறிடுகிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை. முந்திரித் தோப்புகள் மனைகளாகிக்கொண்டே போவதில் கவலை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெண், "அப்ப பாரிஸ்ல நாங்க என்ன பண்ணணும் மாமா?" என்றாள். நடங்கள் என்றேன். பகல் குறுகியது, ஐந்து மணி வாக்கில் சூரியன் போய்விடும், விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு ஓர்சே அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. லா ஷப்பெல் பக்கம் ஈழத்தமிழர் கடைகளில் வயிறாரச் சாப்பிடலாம். 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட பாண்டிக்காரர்களின் பேரப்பிள்ளைகளும் அந்த நகரத்தைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். உன் ஊர் வானூர் என்று சொன்னால் யாராவது ஒருவர் முகம் மலரும்.

அவளுக்குச் சொல்லிவிட்டு நாங்கள் சும்மா இருக்கலாமா? இந்த டிசம்பரில் நால்வரும் பாண்டிக்குப் போனோம். போனது காரில். வாய்க்காலுக்கு மேற்கே நிறுத்திவிட்டு நடந்தோம், செஞ்சித் தூணைத் தொட்டோம், அலைக்கல்லில் அமர்ந்து மல்லாட்டை உரித்தோம். முழங்கால் வலித்தது, பேச்சு வற்றவில்லை. கிளம்பும்போது சாலைத் தடுப்பின் ஓரம் இரண்டு சைக்கிள்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பள்ளிப் பையன்கள் நாலு பேர் ஒரு சுண்டல் பொட்டலத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த ஊர் என்று கேட்க வாயெடுத்த நண்பன் கேட்காமலே நின்றுவிட்டான். சைக்கிள் டயர்களில் செம்மண் ஒட்டியிருந்தது.