காற்று சுத்திகரிப்பான்: வாங்குமுன் அளந்து பாருங்கள்

சென்ற மார்கழியில் டெல்லியிலிருந்து என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். “அண்ணா, அம்மாவுக்கு இரவில் இழுப்பு அதிகமாகிவிட்டது என்கிறாயே. எங்கள் வீட்டில் இருப்பதுபோல் ஒரு காற்று சுத்திகரிப்பான் வாங்கி வைத்துவிடு. தவணையில் எடுத்தால் பாரமே தெரியாது” என்றாள்.

அன்னையின் மூச்சு சம்பந்தப்பட்ட காரியத்தில் கணக்குப் பார்ப்பது மனத்துக்கு ஒவ்வாது. எனினும், அம்மா வசிப்பது டெல்லியில் அன்று. பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்திலுள்ள பெருமாட்டியில். கார்காலம் முடிந்ததும் டெல்லியைப் புகைமூட்டம் சூழ்கிறது. அங்கே சன்னலை அடைத்துக் கருவியை ஓடவிடுவது தேவையாகிறது. இங்கோ மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியே கீழைக்காற்று ஓயாமல் வீசுகிறது. இரு வீடுகளுக்கும் ஒரே மருந்து பொருந்துமா என்பதே என் ஐயம்.

கண்ணுக்குத் தெரியாத கேட்டை ஊகத்தால் முடிவு செய்யக்கூடாது என்பதைப் பெருமாட்டி நன்கறியும். இந்த ஊராட்சியைச் சேர்ந்த பிளாச்சிமடையில், 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய குளிர்பானத் தொழிற்சாலையின் அருகிலிருந்த கிணற்றுநீர் குடிக்கவும் சமைக்கவும் உதவாமற் போயிற்று என மக்கள் முறையிட்டனர். 2002 ஏப்ரலில் போராட்டம் தொடங்கியது. 2003-இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. நீரில் என்ன கலந்திருந்தது என்பதைக் காட்டியவை ஆய்வுக்கூடச் சோதனைகளே. நீருக்குப் பொருந்தும் அந்தப் பாடம் காற்றுக்கும் பொருந்தும்.

நண்பர் ஒருவரிடமிருந்து நுண்துகள் அளக்கும் சிறு கருவியை இரவல் பெற்று வந்தேன். பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளுக்கு, 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்பது நம் நாட்டின் வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது 15. முற்றத்தில் கருவி காட்டிய எண் நம் நாட்டு வரம்புக்கு வெகு கீழேயே இருந்தது. அம்மாவின் படுக்கையறையில், சன்னலை அடைத்துக் கொசுவர்த்தி ஏற்றியதும் அது பல மடங்கு ஏறியது. விறகடுப்பு எரியும் வேளையில் சமையலறையிலும் அவ்வாறே. ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதும் எரிந்தால், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு நுண்துகள் வெளிப்படும் என்று 2003-இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. எங்கள் வீட்டில் கேடு வெளியிலிருந்து வரவில்லை. நாமே நாள்தோறும் ஏற்றி வைத்தோம்.

இக்கருவியின் செயல்திறனையும் அறிந்துகொள்வது நலம். ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் தரமுடையது. ஆயின் வாயுக்களையும் நெடியையும் அது பிடிக்காது. அதற்குக் கரி வடிகட்டி தனியே வேண்டும். ஓசோன் வாயுவை வெளியிடும் வகைகள் மூச்சுக்குழலுக்கே தீங்கு செய்வன; அவற்றைத் தவிர்க்க. 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று வடிகட்டப்பட வேண்டுமாயின், சி.ஏ.டி.ஆர். எனப்படும் தூய காற்று வழங்கும் வீதம் மணிக்கு 170 கன மீட்டர் இருத்தல் வேண்டும். விலைச்சீட்டுக்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள்.

இனி வங்கியாளனின் கணக்கு. எடுத்துக்காட்டாக, 12,000 ரூபாய்க் கருவி ஐந்தாண்டு உழைக்குமெனில் ஆண்டுக்கு 2,400 ரூபாய். வடிகட்டி மாற்ற 2,500 ரூபாய் எனக் கொள்வோம். 40 வாட் கருவி நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 146 யூனிட். யூனிட்டுக்கு ஆறு ரூபாய் வீதம் 876 ரூபாய். ஆக ஆண்டுச் செலவு ஏறத்தாழ 5,800 ரூபாய். வாங்கும் நாளில் கண்ணிற்படுவது முதல் தொகை மட்டுமே; வடிகட்டியை மாற்ற மனமின்றி விட்டால் கருவி வெறும் மின்விசிறியாகிவிடும். ‘வட்டியில்லாத் தவணை’ என்னும் விளம்பரத்திலும் விழிப்பு வேண்டும். வட்டியே இல்லாத கடன் என ஒன்றில்லை என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டியது. செயலாக்கக் கட்டணத்திலோ, ரொக்கமாக வாங்குவோருக்குக் கிடைக்கும் தள்ளுபடியை நீங்கள் இழப்பதிலோ வட்டி மறைந்திருக்கும். இரண்டு விலைகளையும் கேட்டறிந்து ஒப்பிடுங்கள்.

நாங்கள் செய்தது இதுதான்: கொசுவர்த்திக்கு மாற்றாகக் கொசுவலை வாங்கினோம். சமையலறையில் புகை வெளியேற்றும் விசிறி பொருத்தி, விறகடுப்பை வெந்நீருக்கு மட்டும் என்று முற்றத்துக்கு மாற்றினோம். மருத்துவர் எழுதித் தந்த இன்ஹேலரை அம்மா விட்டுவிட்டுப் பயன்படுத்தி வந்தது அப்போதுதான் தெரிந்தது. இப்போது வேளை தவறுவதில்லை. இரவில் எழுந்து உட்கார்ந்திருப்பது குறைந்திருக்கிறது.

இதனால் கருவியே வீண் என்று கொள்ளற்க. நெடுஞ்சாலையையோ ஆலைகளையோ ஒட்டிய வீடுகளிலும், புகைக்கும் காரணங்களை நீக்கிய பின்னும் இழுப்புத் தணியாதவர்களுக்கும் மருத்துவர் ஆலோசனையுடன் அது நல்ல துணையே. அடுத்த கோடையில் மீண்டும் அளந்து பார்ப்பதாகத் தங்கையிடம் கூறியிருக்கிறேன். தேவைப்பட்டால் ரொக்கமாகவே வாங்கலாம். அதற்கென மாதம் 1,000 ரூபாய்த் தொடர் வைப்புக் கணக்கொன்றை அம்மாவின் பெயரில் தொடங்கிவிட்டேன். தேவைப்படாவிடில், அந்தப் பணம் அம்மாவுடையது.