பெட்டைக்குட்டியை எப்போது கிடாவோடு சேர்க்கலாம்?

போன தை மாதம், விளாத்திகுளம் பக்கம் என் சித்தி வளர்த்த கன்னி ஆடு ஒன்று தலைப்பிரசவத்தில் செத்துப்போச்சு. வயிற்றிலிருந்த குட்டியும் பிழைக்கவில்லை. மாசியில் பிறந்த ஆடு. வயசு பதினோரு மாசம்தான். ஆட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். பின்னோக்கிக் கணக்குப் போட்டால், ஆவணியில், ஆறு மாதக் குட்டியாக இருந்தபோதே கிடா சேர்ந்திருக்கிறது.

"பருவத்துக்கு வந்துட்டுல்லா, அப்புறம் என்னய்யா?" என்றார் சித்தி. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் படிக்க ஆரம்பித்தேன்.

பருவமடைவது வேறு, குட்டி சுமக்கத் தயாராவது வேறு. ஆய்வகப் பெட்டை எலி ஐந்தாறு வாரத்திலேயே பருவமடைந்துவிடும். ஆனாலும் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் 6 முதல் 8 வாரம் வரை பொறுத்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். இருபது நாள் சுமக்கிற எலிக்கே இவ்வளவு யோசனை என்றால், ஐந்து மாதம் சுமக்கிற ஆட்டுக்கு?

நம்ம ஊர் கன்னி ஆடோ கொடி ஆடோ, ஆறேழு மாதத்தில் பருவ அறிகுறி காட்டலாம். ஓயாமல் கத்தும், வாலை ஆட்டும், பின்பக்கம் பசை மாதிரி வடியும். ஒன்றிரண்டு நாளில் அடங்கி, சுமார் 21 நாளில் திரும்ப வரும். அந்த வயதில் இடுப்பெலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். அப்போது சினையானால், தின்கிற தீனி தாயின் வளர்ச்சிக்கும் குட்டிக்கும் பங்காகிவிடும். பிரசவத்தில் தப்பித்தாலும் பால் குறையும், குட்டி நோஞ்சானாகும்.

அதனால் வயசை மட்டும் பார்க்கக் கூடாது. பத்து, பன்னிரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும். வளர்ந்த ஆட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்கும் வந்திருக்க வேண்டும். மந்தையில் தாய் ஆடுகள் 30 கிலோ என்றால், குட்டி 20 கிலோவைத் தொட்டிருக்கணும்.

இன்னொன்று, கிடாக்குட்டிகளை மூன்று, நான்கு மாதத்திலேயே பிரித்துவிட வேண்டும். சித்தி வீட்டுப் பட்டியில் எல்லாம் ஒன்றாகத்தான் கிடந்தன. சேர்ந்தது கூடப்பிறந்த கிடாவாகக்கூட இருக்கலாம்.

ஆவணிக் கடைசியில் சேர்த்தால் தைக் கடைசியில் ஈனும். மழை ஓய்ந்திருக்கும், காட்டில் பச்சையும் இருக்கும். சித்தி ஆட்டுக்குக் காலம் சரியாகவே அமைந்தது, உடம்புதான் போதவில்லை.

இப்போது பட்டியில் ஒரு தொங்குதராசு கிடக்கிறது. நாலு பெட்டைக்குட்டிகளின் எடையைக் கதவில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார் சித்தி. எதுவும் 16 கிலோவைத் தாண்டவில்லை. இந்த ஆவணியில் சேர்க்கப்போவதில்லை.