பாகு இறுகாவிட்டால் உருண்டை நிற்காது

பூந்தி லட்டுக்குப் பாகின் பதம்தான் எல்லாம். கம்பிப் பதத்தில் இறக்கி, பூந்தியைக் கொட்டிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் பிடித்துவிட வேண்டும். பாகு பூத்துவிடாமல் இருக்க நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவோம். சாறு அதிகமாகிவிட்டால் உருண்டை இறுகவே இறுகாது. புளிப்பு, சர்க்கரையில் ஒரு பகுதியை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று உடைத்துவிடுகிறது. சர்க்கரை படிகமாக அடுக்கிக்கொள்ளும் இடத்தில் இவை புகுந்து வரிசையைக் கெடுக்கின்றன.

பாக்டீரியாக்களும் பூந்தி போலத்தான் சேர்ந்து நிற்கின்றன. பாகை மட்டும் அவையே காய்ச்சிக்கொள்கின்றன. கத்தீட்டரோ செயற்கை மூட்டோ தண்ணீர்க் குழாயோ, ஒட்டிய இடத்தில் சர்க்கரைச் சங்கிலி, புரத இழை, டிஎன்ஏ எல்லாம் கலந்த பசையைச் சுரந்து அதற்குள் குடியேறுகின்றன. இதுதான் பயோஃபிலிம். மிதந்து திரியும் பாக்டீரியாவைக் கொல்லும் அளவு ஆன்டிபயாடிக் இங்கே பலிப்பதில்லை. நோயாளிக்குப் பொருத்திய கருவியையே சில சமயம் கழற்ற வேண்டிவருவது இதனால்தான்.

பாகைக் கெடுக்க முடியுமா? ஹார்வர்டில் ரிச்சர்ட் லோசிக், ராபர்ட்டோ கோல்ட்டர் ஆகியோருடைய குழுக்கள் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியாவை வளர்த்தன. திரவத்தின் மேல் சுருக்கம் சுருக்கமாகப் படர்ந்த படலம், நாளானதும் தானாகவே கலைந்தது. அந்தப் பழைய திரவத்தைப் புதிய வளர்ப்பில் விட்டால் அங்கே படலமே கட்டவில்லை. அதில் டி-லூசின், டி-மெத்தியோனின், டி-டைரோசின், டி-டிரிப்டோஃபான் இருந்தன. உயிர்கள் புரதம் கட்டுவது எல் வகை அமினோ அமிலங்களால். இவை அவற்றின் கண்ணாடிப் பிம்பங்கள். தனித்தனியாக விடுவதைவிடக் கலந்து விட்டால் மிகச் சிறிய அளவே போதுமாக இருந்தது. செல்களைப் பிணைத்த புரத இழைகள் கழன்றுவிட்டன என்று 2010-இல் அறிவித்தார்கள்.

இந்தக் கதையில் நான் மிகவும் மதிப்பது அடுத்து நடந்ததை. 2013-இல் அதே ஆய்வகங்களே தங்கள் விளக்கத்தைத் திருத்தின. சோதித்த பாக்டீரியா வகையில், டி-அமினோ அமிலம் தவறிப்போய்ப் புரதத்தில் சேராமல் காக்கும் நொதியின் மரபணு பழுதாகியிருந்தது. ஆகவே பிம்பங்கள் புரதத்துக்குள்ளேயே புகுந்து, புரத உற்பத்தியைக் குலைத்தன. பாகு காய்ச்சுவதும் அதனால்தான் தடைபட்டது. மரபணுவைச் சரிசெய்ததும் அந்தப் பாக்டீரியாவை டி-அமினோ அமிலம் அசைக்கவில்லை. ஆகவே பயோஃபிலிம் கட்டாமலிருக்க ஒரு பரப்பில் டி-அமினோ அமிலத்தைப் பூசுமுன், வரப்போகும் கிருமியிடம் இந்தக் காவல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

எந்தப் பாகு என்பதும் முக்கியம். மருத்துவமனைகள் அஞ்சும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸில் டி-ஃபீனைல்அலனின், டி-புரோலின், டி-டைரோசின் கலவையைச் சோதித்த முடிவு 2011-இல் வெளியானது. செல்கள் பரப்பில் முதலில் வந்து ஒட்டுவதை அது தடுக்கவில்லை. ஒட்டியவை மேலும் மேலும் குவிந்து கூட்டமாவதைத் தடுத்தது. சேராமல் போனதும் பசையின் புரதப் பகுதிதான். சர்க்கரைச் சங்கிலி பெரும்பாலும் அப்படியே இருந்தது.