கடல் கடந்த பாடசாலையும் ஒரு தாயின் கேள்வியும்

புதுக்குடியிருப்புப் பக்கம் இல்லத் தரிசிப்புக்குப் போனபோது, ஓர் அக்கா பழைய பிஸ்கட் பேணியொன்றைத் திறந்து ஒரு கட்டுக் கொப்பிகளை என் முன்னால் வைத்தார். எல்லாம் மஸ்கட்டில் அவர் வேலைசெய்த வீட்டுப் பிள்ளைகள் எழுதி எறிந்தவை. பின்பக்கங்கள் வெறுமையாக இருந்தபடியால் மகளுக்கென்று கொண்டுவந்தாராம்.

கணவரை 2009இல் இழந்தவர். 2014இல் ஐந்து வயது மகளைத் தாயாரிடம் விட்டுவிட்டு ஓமானுக்குப் போய் மூன்று வருடம் இருந்தார். எசமானர் மலையாளக் குடும்பம். கணவனும் மனைவியும் ஆஸ்பத்திரியில் வேலை. விடியற்காலையில் இரண்டு பிள்ளைகளுக்கும் சீருடை போட்டு, பஸ் வரும்வரை வீதியோரம் நிற்பது இவருடைய பொறுப்பு. "அந்தப் பிள்ளையளுக்குத் தலை இழுத்து விடேக்க என்ர பிள்ளைக்கு ஆர் இழுத்து விடுகினமோ எண்டு நினைப்பன் மிஸ்" என்றார்.

அன்று அவர் என்னைக் கேட்டது வேறொன்று. "இப்ப போனால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாமாம். அங்க இருக்கிற இந்தியன் ஸ்கூலில சேர்க்கலாம் எண்டு உப முகவர் சொல்லுறார். உண்மையோ?" மகள் க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கேள்வி வேறு சகோதரிகளுக்கும் வரலாம் என்பதால் அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

வளைகுடா நாடுகளில் இந்தியப் பாடசாலைகள் நெடுங்காலமாக உள்ளன. பஹ்ரைனில் 1950இலும், டுபாயில் 1961இலும், மஸ்கட்டில் 1975இலும் தொடங்கியவை இன்று பெரிய பாடசாலைகள். ஓமானில் மட்டும் இருபதுக்கு மேல் இருக்கின்றன. அவை இலாபத்துக்காக அல்லாமல் இந்தியச் சமூகத்தினரால் நடத்தப்படுபவை. நிர்வாக சபையில் பெற்றோர் வாக்களித்துத் தெரிவுசெய்யும் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். இந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் தாய்மார் பின்வாங்கில் பேசாமல் இருந்துவிட்டு வருவதை நினைத்துக்கொண்டேன்.

பாடத்திட்டம் டெல்லியிலுள்ள மத்திய இடைநிலைக் கல்விச் சபையினுடையது. போதனை ஆங்கிலத்தில். கல்வியாண்டு சித்திரையில் தொடங்கும். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுப் பரீட்சையை இந்தியாவிலுள்ள பிள்ளைகள் காலை 10.30க்கு எழுதத் தொடங்கினால், மஸ்கட்டில் அதே நாள் 9 மணிக்கு எழுதுவார்கள்.

கடல் கடந்து போயும் ஏன் ஊர்ப் பாடத்திட்டம்? அந்நாடுகள் வேலைக்கு வருபவர்களுக்குப் பொதுவாகக் குடியுரிமை கொடுப்பதில்லை. வேலை முடிந்தால் விசாவும் முடிந்தது. இன்று மஸ்கட்டில் ஏழாம் வகுப்பிலிருக்கும் பிள்ளை அடுத்த மாதம் கொச்சியில் அதே புத்தகத்தின் அடுத்த பாடத்தைத் தொடரவேண்டும். 1990 ஓகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது, ஒரு இலட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் கையில் அகப்பட்டதோடு ஊர் திரும்பினார்கள். இடம்பெயர்ந்து மரத்தடியில் பிள்ளைகளைப் படிக்கவைத்த எங்களுக்கு, பாடம் அறுந்துபோகாமல் இருப்பதன் அருமையை ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆனால் அக்காவின் கேள்விக்கான பதில் பாடசாலை வாசலில் இல்லை, விசாவில் இருக்கிறது. பிள்ளையை அழைப்பதற்குக் குடும்ப விசா வேண்டும்; அதற்குக் குறிப்பிட்ட அளவு சம்பளம் இருக்கவேண்டும். வீட்டுப் பணிப்பெண்ணாகப் போய் எசமானர் வீட்டில் தங்குபவருக்கு அது கிடைப்பதில்லை. தாதிக்கும் கணக்காளருக்கும் திறக்கும் கதவு, அவர்களுடைய பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றிவிடும் பெண்ணுக்குத் திறக்காது. பல்கலைக்கழகத்தில் வர்க்கம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். அந்தக் கொப்பிக் கட்டைப் பார்த்தபோது வந்த விளக்கம் அப்போது வரவில்லை.

எப்படியாவது விசா கிடைத்தாலும், அங்கே இடம் முதலில் இந்தியப் பிள்ளைகளுக்குத்தான். மஸ்கட் நகரப் பாடசாலைகளில் அவர்களுக்கே திருவுளச்சீட்டுப் போட்டு அனுமதி கொடுப்பதுண்டு. இலங்கைப் பாடசாலையும் மஸ்கட்டில் இருக்கிறது. அதற்கும் பிள்ளைக்கு விசா வேண்டும், கட்டணம் கட்டவேண்டும். இதுவரை தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளை, பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்கையில் ஆங்கிலத்துக்கு மாறுவது எப்படியென்றும் உப முகவர் சொல்லவில்லை.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப அவர் ஏன் அப்பிடிச் சொன்னவர்?" என்று கேட்டார். ஆள் பிடித்துக் கொடுத்தால் அவருக்குத் தரகுப் பணம். அதை நான் வாய்விட்டுச் சொல்ல முதலே அவருக்கு விளங்கிவிட்டது.

உள்ளே இருந்த மகள் வந்து ஒரு கொப்பியை எடுத்து, வெறும் பக்கமொன்றைக் கிழித்துத் தந்தாள். உப முகவரிடம் கேட்பதற்கு மூன்று கேள்விகளை அதில் எழுதினோம்: பிள்ளைக்கு எந்த வகை விசா? எந்தப் பாடசாலை, கட்டணத்தைக் கட்டுவது யார்? இதையெல்லாம் எழுத்தில் தந்து கையொப்பம் வைப்பீர்களா? மறுமாதம் நான் போனபோதும் அந்தத் தாள் கதவுக்குப் பின்னால் சொருகியபடி இருந்தது. உப முகவர் அந்தப் பக்கம் வரவில்லையாம்.