லென்ஸ் வாங்குங்கள், பில்லோடு வாங்குங்கள்

“பில் போட்டா ஒரு ரேட், போடலைன்னா ஒரு ரேட். எது வேணும் சார்?” கேமரா கடையில் இப்படிக் கேட்டதும் பலர் சற்றும் யோசிக்காமல் குறைந்த விலைக்குத் தலையாட்டி விடுகிறார்கள். மிரர்லெஸ் கேமராவுக்கு நல்ல ஜூம் லென்ஸ் என்றால் ஐம்பதாயிரம், அறுபதாயிரம் ரூபாய் ஆகிறது. சில மாதங்களில் ஆட்டோஃபோகஸ் நின்றுவிடும். சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது பில்லைத்தான். அது இல்லையென்றால் கடைக்காரர் உங்களைத் தெரியாது என்று சொன்னாலும் மறுத்துப் பேச உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. இப்படி ஏமாந்து வருபவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

பில்லுக்கு முன்னால் தேர்வைப் பற்றிக் கொஞ்சம். பழுதான லென்ஸுக்குச் சட்டத்தில் பரிகாரம் உண்டு. உங்களுக்குப் பொருந்தாத லென்ஸைப் பார்த்து வாங்கிவிட்டால், கடைக்காரர் பொய் சொல்லி விற்றிருந்தாலொழிய, பெரும்பாலும் பரிகாரம் கிடையாது. “நாளைக்கு ஃபுல் ஃபிரேம் வாங்கினாலும் ஆகும்” என்று சொல்லி ஏபிஎஸ்-சி கேமராக்காரரிடம் 24-70 லென்ஸை விற்கிறார்கள். அந்தக் கேமராவில் அது 36-105 போலத்தான் தெரியும். மணமேடையில் நிற்கும் குடும்பத்தை ஒரே படத்தில் அடக்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து மண்டபச் சுவரில் முட்ட வேண்டியதுதான். ஏபிஎஸ்-சி கேமராவில் வீடு, விசேஷம், பயணம் மூன்றுக்கும் 16, 17 அல்லது 18-ல் தொடங்கும் ஜூமே சரி.

இன்னொன்றும் பாருங்கள். சோனி ஏ6400 பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் இல்லை. சிக்மா 18-50 எஃப் 2.8 லென்ஸிலும் இல்லை. சுமார் 290 கிராம்தான் எடை, அருமையான லென்ஸ். ஆனால் இரண்டையும் சேர்த்துக் கையில் பிடித்து வீடியோ எடுத்தால் ஆடும். டாம்ரான் 17-70 எஃப் 2.8-ல் ஸ்டெபிலைசேஷன் உண்டு, எடை 525 கிராம். இதைக் கடைக்காரர் தாமாகச் சொல்லமாட்டார். உங்கள் பாடியையும் மெமரி கார்டையும் கடைக்கே கொண்டுபோங்கள். எதிர்ச் சுவரில் காலண்டர் இருக்கும். ஜூமின் இரண்டு முனையிலும், அப்பெர்ச்சரை முழுதாகத் திறந்து அதைப் படமெடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் அந்த லென்ஸ் வேண்டாம். பழைய லென்ஸ் என்றால் செல்போன் டார்ச்சைப் பின்பக்கமாக அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி நூல்போல் தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களில் இது சாதாரணம்.

இப்போது பில்லுக்கு வருவோம். கையால் கிறுக்கிய எஸ்டிமேட் சீட்டு பில் ஆகாது. விற்பவரின் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடையில் பதிந்த எண் என்றால் 33-ல் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கடையின் பெயர் வரும், ஒரு நிமிட வேலை. அடுத்தது சீரியல் நம்பர். லென்ஸிலும் பெட்டியிலும் பில்லிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். பில்லில் எழுதாவிட்டால் எழுதச் சொல்லுங்கள், எழுதும்வரை பணம் கொடுக்காதீர்கள். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச சில்லறை விலை, நுகர்வோர் தொடர்பு எண் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். இவை இல்லாமல் “பாரின் பீஸ், ஷாப் வாரண்டி” என்றால், கம்பெனி வாரண்டி இல்லை என்று அர்த்தம். இதைக் கண்காணிக்க வேண்டியவர்கள் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவு அதிகாரிகள். தராசைச் சோதிக்கும் அவர்கள் கேமரா கடைக்குள்ளும் எட்டிப்பார்த்தால் என்ன? மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஆன்லைனில் வாங்கினால் பார்சலை உடைப்பது முதல் சீரியல் நம்பர் வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, தளத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

பழுது வந்துவிட்டதா? தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறக்காதீர்கள். வழக்கு என்று போனால் நுகர்வோர் ஆணையம் லென்ஸை ஆய்வகத்துக்கு அனுப்பக்கூடும். திறந்த லென்ஸைக் காட்டி எதை நிரூபிப்பீர்கள்? சர்வீஸ் சென்டரில் ஜாப் ஷீட் வாங்குங்கள். வாரண்டி மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சு செல்லாது. பிறகு கடைக்கும் கம்பெனிக்கும் 15 நாள் கெடு வைத்து விரைவு அஞ்சலில் நோட்டீஸ் அனுப்பி, டெலிவரி ஆனதற்கான சான்றை எடுத்து வையுங்கள். கூடவே 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள்.

அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம். பில், ஜாப் ஷீட், நோட்டீஸ் நகல், அஞ்சல் சான்று நான்கையும் இணையுங்கள். கேட்டும் பில் தராததையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது அந்தச் சட்டம். இதைக் கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், பில் புத்தகம் வெளியே வரும்.

பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் போக வேண்டும். தெர்மல் தாள் பில் அதற்குள் வெளுத்து வெற்றுத்தாளாகிவிடும். வாங்கிய அன்றே அதைப் படமெடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள்.