தட்டாமாலை சுற்றிய பிள்ளைகளுக்கு

மியான்மரின் தின்கன்ஜூனில், துவுன்னா மைதானத்துப் பக்கம் பந்து உதைக்கும் பிள்ளையிடம் ஃபிகர் ஸ்கேட்டிங் என்று சொன்னால், "இந்த ஏப்ரல் வெயிலில் ஐஸுக்கு எங்கே போவது?" என்று கேட்கும். நியாயமான கேள்விதான். ஆனால் பனித்தளத்துக்கு வேண்டியது குளிர்நாடு அல்ல; ஒரு கூரையும், தரைக்கு அடியில் குளிர்ந்த உப்புநீர் ஓடும் குழாய்களும்தான். மணிலா பக்கத்து ஷாப்பிங் மாலில் சறுக்கிப் பழகிய மைக்கேல் மார்ட்டினெஸ், ஆஸ்துமாவோடு வளர்ந்தவர், 2014 சோச்சி ஒலிம்பிக்கில் 19ஆம் இடம் பிடித்தார். 2013இல் மியான்மர் நடத்திய தென்கிழக்காசிய விளையாட்டில் இந்தப் போட்டி கிடையாது. 2017 கோலாலம்பூரில் சேர்த்தார்கள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த தாரா பிரசாத் இப்போது இந்தியாவுக்காக ஆடுகிறார்.

ஸ்கேட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். தகட்டின் அடியில், நீளவாக்கில் மெல்லிய பள்ளம் ஒன்று ஓடும். அதனால் ஒரே தகட்டுக்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு கூர்கள். முன்நுனியில் ரம்பப் பற்கள். எந்த விளிம்பில் இருந்து எழும்பினார், பற்களை ஊன்றினாரா என்பதை வைத்துத்தான் நடுவர்கள் தாவலுக்குப் பெயர் சொல்கிறார்கள். ஆக்சல் என்ற தாவல் மட்டும் முன்னோக்கி எழும்பிப் பின்னோக்கி இறங்குவது; அதனால் அதில் அரைச்சுற்று கூடுதல்.

சுழற்சியின் சூட்சுமம் நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. தட்டாமாலை சுற்றும்போது விரித்த கைகளை நெஞ்சோடு சேர்த்தால் வேகம் கூடுகிறதே, அதுதான். எடை அச்சுக்கு அருகில் வந்தால் சுற்று விரைவாகும். காற்றில் கிடைப்பது முக்கால் வினாடிகூட இல்லை. அதற்குள் மூன்று முறை, நான்கு முறை சுற்றுகிறார்கள். 2022இல் நான்கரைச் சுற்று ஆக்சலைப் போட்டியில் முதன்முதலாக முடித்த இலியா மலினினுக்கு அப்போது வயது 17.

தொடக்கப் பாடமே விழுவதுதான். முழங்காலை மடக்கி, பக்கவாட்டில், இடுப்பின் சதைப்பகுதி தரையில் படும்படி விழ வேண்டும். கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். சர்வதேச ஜூனியர் போட்டிக்கு 13 வயது ஆக வேண்டும். ஆகவே பெற்றோர் அவசரப்பட வேண்டாம். பனித்தளம் கிடைக்கும்வரை வீட்டுக் கூடத்திலேயே பழகலாம்: எழும்பி ஒரு முழுச்சுற்று, ஒற்றைக் காலில் இறக்கம், முழங்கால் மடங்கியபடி இரண்டு வினாடி ஆடாமல் நிற்பது.